வாட்சுக்கு ஒண்ணும் கெடையாது

1

விடுமுறை முடிந்து வார்டுக்குத் திரும்பிய முதல் நாள் காலையிலேயே பிரீடாவின் கண்ணில் பட்டுவிட்டேன். பிரீடா எங்கள் வார்டின் பொறுப்பாளர். நல்ல மனுஷி, ஆனால் கை பார்க்கும் நாளன்று மட்டும் போலீஸ்காரி. இங்கே அயர்லாந்தில் மருத்துவமனையில் வேலை செய்கிறவர்களுக்கு முழங்கைக்குக் கீழே ஒன்றும் இருக்கக் கூடாது. வாட்ச், வளையல், சாமிக் கயிறு, நகப்பூச்சு எல்லாவற்றுக்கும் தடை. கல் வைக்காத ஒரு மோதிரத்தை மட்டும் போனால் போகிறதென்று விட்டிருக்கிறார்கள். கிருமிக்கு ஒளிய இடம் கொடுக்கக் கூடாதாம்.

"சுகந்தி, வாட்சைக் கழற்றவில்லையா?" என்று தூரத்திலிருந்தே கேட்டாள்.

கையைத் தூக்கிக் காட்டினேன். வாட்ச் இல்லை, வாட்ச் இருந்த இடம்தான் இருந்தது. எங்கள் ஊர் கருங்கல்லில் மூன்று வாரம் வெயிலில் அலைந்ததில் என் கறுத்த கை இன்னும் கறுத்துப்போய், மணிக்கட்டைச் சுற்றி ஒரு பட்டை மட்டும் வெளுத்துக் கிடந்தது. பிரீடா அருகில் வந்து மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள். "இதைச் சோப்புப் போட்டுக் கழுவ முடியாது, விட்டுவிடுகிறேன்" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

இங்கே எங்களுக்கு வாட்ச் நெஞ்சில்தான். சட்டையில் ஊக்கு வைத்துக் குத்தியிருப்போம், தலைகீழாகத் தொங்கும். குனிந்து பார்த்தால் நமக்கு நேராகத் தெரியும், எதிரே இருப்பவருக்குத் தலைகீழ். படுக்கையில் கிடக்கும் கிழவர்கள் என் நெஞ்சைப் பார்த்து மணி கண்டுபிடிக்க முயன்று தோற்றுப்போய், பிறகு என்னிடமே கேட்பார்கள்.

பிரீடா போன பிறகும் அந்தப் பட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த நாட்டு வெயிலுக்கு ஒருத்தி கையில் தடம் போடும் தெம்பெல்லாம் கிடையாது. இது ஊர் போட்டு அனுப்பிய தடம். ஊரில் இதைப் படிக்கிறவர்கள் ஒரு வாட்சுக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்பீர்கள். கேளுங்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிக் கேட்டவள்தான்.

2

நான் முதலில் கட்டிய வாட்ச் அழகுக்குக் கட்டியதல்ல. நாகர்கோவிலில் நர்சிங் படிக்கச் சேர்ந்தபோது நொடிமுள் உள்ள வாட்ச் கட்டாயம் வேண்டும் என்றார்கள். அண்ணன் அப்போது துபாயில் ஏசி மெக்கானிக். லீவில் ஊருக்கு வந்த ஒருவரிடம் எனக்கென்று ஒரு வாட்ச் கொடுத்துவிட்டான். தங்க நிறம், சுற்றிலும் கல், டயலைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நொடிமுள் மட்டும் இல்லை. அண்ணனுக்குத் தங்கச்சி மினுங்க வேண்டும், மற்றதெல்லாம் அவனுக்கு இரண்டாம்பட்சம். அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, தக்கலையில் ஒரு கடையில் வெள்ளை டயலில் கறுப்பு எண் போட்ட சாதா வாட்ச் வாங்கினேன்.

அதை உள்பக்கமாகத்தான் கட்டுவேன். எங்கள் பக்கம் பெண்கள் நிறையப் பேர் அப்படிக் கட்டுவதுண்டு. கண்ணாடி கீறாது என்பார்கள், அடக்கம் என்றும் சொல்வார்கள். எனக்கும் அடக்கத்துக்கும் தூரம், என் காரணம் வேறு. வலது கை விரல்களால் நோயாளியின் நாடியைப் பிடித்துக்கொண்டு இடது கையை லேசாகத் திருப்பினால் நொடிமுள் கண்ணுக்கு நேராக ஓடும். அந்தப் பழக்கம் கையில் ஊறிவிட்டது. இன்றைக்கும் யார் கையைப் பிடித்தாலும் என் மூன்று விரலும் தாமாகவே நாடி தேடும்.

அப்போது வாட்ச் எனக்குத் தெர்மாமீட்டர் மாதிரி ஒரு சாமான். வேலை முடிந்தால் கழற்றி மேசையில் போட்டுவிடுவேன். கைக்கு அழகு வேண்டுமென்றால் வளையல் இருந்தது.

3

கல்யாணமான மறு வருடம் இங்கே வந்தேன். ராஜனுக்கு விசா பிறகுதான் கிடைத்தது. முதல் நாளே வளையலைக் கழற்றச் சொன்னார்கள். கல்யாணத்துக்குப் போட்ட தங்க வளையல். வலது கையில் கழன்றுவிட்டது, இடது கையில் வர மாட்டேன் என்றது. ஒரு பெண் என்னைக் குழாயடிக்குக் கூட்டிப்போய்ச் சோப்பு நுரையில் இழுத்துக் கழற்றினாள். கை சிவந்துபோயிற்று. லாக்கரில் வைத்தேன். நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு வந்து மறுபடி அதை மாட்டிக்கொள்ள யாருக்குத் தெம்பு இருக்கிறது? அது லாக்கரிலேயே தங்கிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மையுடன் கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசினேன். நான் என்னவோ இங்கத்துக் குளிரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அம்மையின் கண் என் கையில் நிற்கிறது.

"கை என்னட்டி வெறுங்கையாக் கெடக்கு?"

"வேலைக்கு ஆகாது அம்மை. இங்க சட்டம்."

"கெட்டுனவன் குத்துக்கல்லு மாதிரி இருக்கான். இவ கைய மூளியா வச்சிட்டு இருந்து பேசுதா. இது என்ன எளவு சட்டம்?"

எங்கள் அப்பா நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே போய்விட்டார். அன்றிலிருந்து அம்மையின் கை வெறுங்கை. தன் கையைப் பற்றி அம்மை ஒரு நாளும் பேசியதில்லை. ஆனால் என் கை அப்படிக் கிடப்பதை அவளால் பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு வாரமும் இதே சண்டை. நான் கையை மேசைக்கு அடியில் ஒளித்துவைத்துப் பேசினால், "கைய மேல எடு, பாக்கட்டு" என்பாள்.

ராஜன் வந்து சேர்ந்து, ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தார். இந்தச் சண்டையை நாலைந்து வாரம் சும்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஒரு நாள் சின்ன டயலும் பழுப்புத் தோல் பட்டையுமாக ஒரு வாட்ச் வாங்கி வந்தார்.

"வளையல் போடத்தான ஒனக்கு மடி? இதக் கெட்டிட்டு இருந்து பேசு. கை வெறுங்கையா இருக்காதுல்லா."

அம்மை திரையில் முகத்தை ஒட்டவைத்துப் பார்த்தாள். "செரி. வாட்சாவது கெடக்கே" என்றாள். சண்டை அன்றோடு தீர்ந்தது.

அப்படித்தான் நான் வாட்ச் கட்டப் பழகினேன், மணி பார்க்க அல்ல, அம்மைக்காக. கூப்பிடுவதற்கு முன் மற்றவர்கள் தலை சீவுவார்கள், நான் வாட்ச் கட்டுவேன். பிறகு ஒரு லீவு நாளில் கடைத்தெருவில் நடக்கும்போதுதான் கழற்ற மறந்து கட்டியபடியே வந்திருப்பது தெரிந்தது. நன்றாகத்தான் இருந்தது. வாரம் முழுக்கச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடந்த கைக்கு வீட்டு ஆள் யாரோ வந்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து லீவு நாளென்றால் முதல் வேலை வாட்ச் கட்டுவதுதான்.

மொழியும் அப்போது என் காலை வாரியது. ஒரு நாள் வேலை முடிந்து கிளம்பும்போது உடன் வேலை செய்கிறவளிடம், வாட்சைக் 'கட்டிவிடு' என்பதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். அவள் கயிறு தேட ஆரம்பித்துவிட்டாள்.

4

வாட்ச் பைத்தியம் சரியாகப் பிடித்தது ராஜனுக்குத்தான். இங்கே ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு புல்வெளியில் கார்களை வரிசையாக நிறுத்தி, வீட்டில் கிடக்கும் பழைய சாமான்களை டிக்கியில் பரப்பி விற்பார்கள். ஒரு கிழவியின் பிஸ்கட் டப்பாவில் கிடந்த வாட்சுகளைக் கிளறி, சாவி கொடுத்து ஓட்டுகிற ஒரு வாட்சை எடுத்தார். பாலாடை நிற டயல், தடித்த கறுப்புப் பட்டை. குமிழைத் திருகி என் காதில் வைத்தார்.

"ஏட்டி, கேக்குதா?"

கேட்டது. பேட்டரி வாட்சின் சத்தம் மாதிரி இல்லை. அதைவிடப் பொடியாக, அவசரமாக, யாரோ உள்ளே உட்கார்ந்து வேலை பார்க்கிற மாதிரி. வீட்டுக்கு வந்து பின்மூடியைத் திறந்து காட்டினார். பொட்டு மாதிரி ஒரு சக்கரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் துடித்துக்கொண்டிருந்தது. எனக்குச் சட்டென்று பிடித்துப்போனது. ஸ்டெதஸ்கோப்பை எடுத்து வைத்துக்கூடக் கேட்டேன். "ஒனக்கு எதக் கண்டாலும் பேஷண்டு" என்று ராஜன் கேலி செய்தார். அதற்குப் பிறகு அந்தப் புல்வெளிக்கு அவரை இழுத்துக்கொண்டு போனது நான்தான்.

எத்தனை வாங்கினாலும் அவர் கட்டியது அந்த முதல் வாட்சைத்தான். தினமும் காலையில் சாயா குடித்து முடித்ததும் சாவி கொடுப்பார். அதில் ஊர் நேரம்தான் வைத்திருப்பார்.

"இந்த ஊரு மணியச் சொல்ல அடுப்புல இருந்து பஸ் ஸ்டாப் வரை ஆளு இருக்கு. நம்ம ஊரு மணியச் சொல்ல ஒரு ஆளு வேண்டாமா?"

இங்கே வருடத்துக்கு இரண்டு முறை கடிகாரத்தை மாற்றுவார்கள். மார்ச்சில் ஒரு மணி நேரம் முன்னால், அக்டோபரில் ஒரு மணி நேரம் பின்னால். நான் வீடு முழுக்க அடுப்பு, கார், சுவர் என்று ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு திரிவேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "நம்ம வாட்சுக்கு இந்த வெப்ராளம் ஒண்ணும் இல்ல" என்று கையைத் தடவிக்கொள்வார். காலைச் சாப்பாட்டின்போது திடீரென்று தன் ஊரை நினைத்து, "இரணியல்ல இப்போ ரயிலு வந்திருக்கும்" என்பார். எங்கள் மகள் அஞ்சு அப்போது சின்னப் பிள்ளை. ராத்திரி தூங்கப் போகும்போது அவர் கையைப் பிடித்துப் பார்த்து, "அப்பா நாளைக்குப் போயாச்சு, நாம இன்னும் இன்னைக்குத்தான் இருக்கோம்" என்று சிரிப்பாள்.

5

மூன்று வருடங்களுக்கு முன் ராஜன் வேலை செய்யும் இடத்திலேயே மயங்கி விழுந்தார். மாரடைப்பு. நான் வேலை செய்யும் மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள், வேறு மாடி. நான் படியிறங்கி ஓடிப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

அவர் உடைமைகளை ஒரு பையில் போட்டு ஒரு சின்ன வயது நர்ஸ் என்னிடம் தந்தாள். பர்ஸ், மோதிரம், வாட்ச். "வாட்ச் தப்பான நேரம் காட்டியது. சரிசெய்து வைத்திருக்கிறேன்" என்றாள். பாவம், அவள் கண்ணும் கலங்கியிருந்தது. நன்றி சொன்னேன். நடைபாதையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, குமிழை இழுத்து, முள்ளை மறுபடி நாலரை மணி நேரம் முன்னால் நகர்த்தினேன். ஊர் நேரத்துக்கு முள் வந்து சேர்ந்த பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது. அதை என் கையிலேயே கட்டிக்கொண்டேன். கடைசி ஓட்டையில் மாட்டியும் தொளதொளவென்று கிடந்தது.

அதற்குப் பிறகு சில வாரங்கள் அவர் இறந்ததை ஒவ்வொரு அலுவலகமாக நிரூபித்துக்கொண்டு திரிந்தேன். ஓரிடத்தில் நகல் செல்லாது, அசல் வேண்டும் என்றார்கள். இன்னோரிடத்தில் அசலை ஏன் கொண்டுவந்தாய், நகல் போதுமே என்றார்கள். எல்லா இடத்திலும் 'விதவை' என்ற கட்டத்தில் கோடு போடச் சொன்னார்கள். போட்டேன்.

சாம்பலைக் கன்னியாகுமரியில் கரைத்த மறுநாள் இரணியலில் ராஜனின் வீட்டில் சடங்கு வைத்தார்கள். என்னை நடுவில் உட்காரவைத்து, தலையில் பூ வைத்து எடுத்தார்கள். நெற்றியில் பொட்டு வைத்து அழித்தார்கள். அதற்கென்றே கண்ணாடி வளையல் போட்டு வலது கையில் உடைத்தார்கள். ராஜனின் அத்தை ஒருவர்தான் எல்லாம் செய்தார். அடுத்து என் இடது கையைப் பிடித்தவர் அப்படியே நின்றார். அங்கே வாட்ச் கிடந்தது.

"இதையும் கழட்டணுமா?" என்று பொதுவாகக் கேட்டார்.

கையில் கிடப்பது எல்லாம் போக வேண்டியதுதானே என்றாள் ஒருத்தி. ஆம்பிளை வாட்ச்தானே, அதில் என்ன இருக்கிறது என்றாள் இன்னொருத்தி. என்னைச் சுற்றி இருந்துகொண்டு என் கையைப் பற்றி வழக்குப் பேசினார்கள். கழற்றினால் செத்துப்போவேன் என்று மட்டும் தோன்றியது. அஞ்சு சுவரோடு ஒட்டி நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது பின்னாலிருந்து அம்மையின் குரல் வந்தது.

"அது வாட்ச். வாட்சுக்கு ஒண்ணும் கெடையாது. அது கெடக்கட்டும்."

பூவுக்கு விதி இருந்தது, பொட்டுக்கு இருந்தது, வளையலுக்கு இருந்தது, சேலையின் நிறத்துக்குக்கூட இருந்தது. வாட்சைப் பற்றி மட்டும் முன்னோர் யாரும் ஒன்றும் சொல்லிவைக்கவில்லை. மருத்துவமனைச் சட்டத்தில் முதலில் வருகிற பெயர் இந்தச் சட்டத்தில் இல்லவே இல்லை. அத்தை என் கையை மெதுவாக மடியில் வைத்துவிட்டு எழுந்துபோனார்.

6

இந்த வருடம் அண்ணன் மகள் அபிக்குக் கல்யாணம் நிச்சயமானது. அண்ணன் துபாயை விட்டு வந்து கருங்கல்லில் கடை வைத்திருக்கிறான். அம்மை அவனோடுதான் இருக்கிறாள். அபி ஒரே பிள்ளை.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளை மேடையில் வந்து உட்கார்ந்ததும் பெண்ணின் உடன்பிறந்தவன் அவர் கையில் வாட்ச் கட்டுவான். அதற்குப் பிறகுதான் தாலி. ராஜனுக்குக் கட்டியது என் அண்ணன். அபிக்கு அண்ணன் தம்பி இல்லை.

"அத்தை, மாப்பிள்ளைக்கு நீங்கதான் வாட்ச் கெட்டணும்" என்றாள் அபி, வீடியோவில்.

அவளுக்குப் பின்னால் மதினி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை நின்றதை நான் பார்த்தேன்.

"அதுக்கு ஒஞ் சித்தப்பா மகன் மனோஜ் இருக்கான்லா மக்கா" என்றேன்.

"அவனுக்கு அவன் வாட்சையே கெட்டத் தெரியாது."

வாட்சை நான் வாங்கி வருகிறேன், யார் கட்டுவது என்பதை உன் அம்மையிடம் கேள் என்று சொல்லி முடித்துவிட்டேன். ஆனால் எனக்கு ஆசை வந்துவிட்டது. அந்த மேடையில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும் என்று அப்படி ஒரு ஆசை. ராஜன் போன பிறகு ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். கடைசி வரிசையில் அம்மையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். யாரும் பின்னால் போகச் சொல்லவில்லை. முன்னால் வா என்று யாரும் கூப்பிடவும் இல்லை.

வாட்ச் வாங்க அஞ்சுவையும் கூட்டிப்போனேன். அஞ்சுவுக்கு இப்போது பத்தொன்பது. காலேஜில் படிக்கிறாள். தமிழ் பேசினால் ஐரிஷ் ராகத்தில் பேசுவாள். கையில் ரப்பர் பட்டையில் ஒரு கறுப்புச் சதுரம், அது அவள் தூக்கத்தைக்கூடக் கணக்குப் பார்க்கும். "போன் இருக்கும்போது இதெல்லாம் யாருக்கும்மா வேணும்?" என்றாள். நான் சாவி கொடுக்கிற வாட்சாகப் பார்த்து எடுத்தேன். நீல டயல், மெல்லிய முள். கடையை விட்டு வந்து காரில் உட்கார்ந்ததும் அவள் சொன்னாள்:

"நான் கல்யாணத்துக்கு வரல. அங்க நீ பின்னாடி போய் உக்காருவ. நான் அதைப் பாத்துட்டு இருக்கணும். போன தடவை அப்பா வீட்டில பாத்தது போதும்மா."

கல்யாணம் அபிக்கு, எனக்கு இல்லை என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கடைசியில் அபியே கூப்பிட்டுக் கெஞ்சியதால் வந்தாள். "அபிக்காக வரேன், உனக்காக இல்ல" என்று விமானத்தில் இன்னொரு முறை சொல்லி உறுதிப்படுத்திவிட்டுத் தூங்கிப்போனாள்.

கருங்கல்லில் போய் இறங்கியதும் வாட்சுக்குச் சாவி கொடுத்து அண்ணன் கையில் கொடுத்தேன். "அண்ணே, இது பேட்டரி இல்ல. தெனமும் காலைல சாவி குடுக்கணும். இல்லன்னா நின்னுரும்" என்றேன். "செரி செரி" என்றான். அவன் காதில் பந்தல்காரனின் போன் இருந்தது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு மதினியும் நானும் அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தோம். மதினியைப் பற்றி நீங்கள் தப்பாக நினைத்துவிடக் கூடாது. ராஜனின் சாம்பலோடு நான் வந்து இறங்கியபோது என் தலையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள்தான். நிமிராமலே சொன்னாள்:

"சுகந்தி, ஒன்ட்ட ஒண்ணு சொல்லட்டா? ஒம்மேல எனக்கு ஒரு கொறையும் இல்ல. பயமாக் கெடக்கு. ஒத்தப் பிள்ள. நாளைக்கு அதுக்கு ஒரு தலைவலி வந்தாக்கூட எனக்கு அந்த நெனப்புத்தான் வரும்."

"மனோஜ் கெட்டட்டும் மதினி" என்றேன். துருவுகிற கையை நான் நிறுத்தவில்லை. கோபம் வந்தது. அதை யார் மேல் வைப்பது என்றுதான் தெரியவில்லை. இவளும் பயந்துபோன ஒரு தாய். நிமிர்ந்தால் வாசலில் அஞ்சு தண்ணீர்த் தம்ளரோடு நிற்கிறாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். தம்ளரை அங்கேயே வைத்துவிட்டுப் போனவள், கல்யாணம் வரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

7

கல்யாணம் தக்கலையில் ஒரு மண்டபத்தில். கடைசி வரிசையில் அம்மை, நான், என் பக்கத்தில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு அஞ்சு. மாப்பிள்ளை மேடைக்கு வந்து உட்கார்ந்தார். வாட்ச் கட்ட ஆள் வரட்டும் என்று மேடையிலிருந்து குரல் வந்தது. மனோஜ் பட்டுச் சட்டையில் ஏறிப்போய்ப் பெட்டியைத் திறந்தான்.

திறந்தவன் கையில் எடுத்துப் பார்த்தான். உதறினான். காதில் வைத்தான். அண்ணனைத் திரும்பிப் பார்த்தான். அண்ணன் வாங்கி அவனும் உதறினான். மாப்பிள்ளை வீட்டார் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். முன்வரிசையிலிருந்து ஒவ்வொரு வரிசையாக அந்தப் பேச்சு எங்களிடம் வந்து சேர்ந்தது.

"வாட்ச் நிக்குதாம்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. கல்யாண அலைச்சலில் யாரும் சாவி கொடுக்கவில்லை. எல்லோரும் பேட்டரிக்குப் பழகியவர்கள், பெட்டிக்குள் இருக்கிற வாட்ச் தானாக ஓடிக்கொண்டிருக்கும் என்று இருந்துவிட்டார்கள். எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. மதினியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. பட்டுச் சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு, அத்தனை பேருக்கும் நடுவில், மேடையிலிருந்து இறங்கி என்னை நோக்கி ஓடி வருகிறாள். உள்ளங்கையில் வாட்ச்.

"சுகந்தி, நிக்குதே. நல்ல நேரத்துல நின்னு போச்சே. நான் என்ன செய்வேன்?"

"ஒண்ணும் ஆகல்ல மதினி. பசிச்சுக் கெடக்கு, அவ்வளவுதான்."

வாங்கிக் குமிழைத் திருகினேன். நாலு திருகலிலேயே நொடிமுள் நகர ஆரம்பித்தது. பிறகு நேரம் வைப்பதற்காக என் கையைத் திருப்பினேன். ராஜனின் வாட்ச். எங்கள் வீட்டில் இத்தனை வருடமாகத் தப்பான மணி காட்டிக்கொண்டிருந்தது, தன் ஊருக்கு வந்து சரியான மணி காட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் மாப்பிள்ளை வாட்சுக்கு நேரம் வைத்தேன். எடுத்து மதினியின் காதோடு சேர்த்துப் பிடித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். மூச்சிரைப்பு மெல்ல அடங்கியது.

நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"நீ வா" என்றாள்.

"மதினி, மனோஜ் அங்க நிக்கான்."

"அவன் கையில நின்னுச்சு. ஒங்கையிலதான ஓடுது. வாட்சுக்கு ஒண்ணும் கெடையாதுன்னு மாமி அண்ணைக்கே சொன்னாவல்லா. வா, நேரம் போகுது."

நான் அம்மையைப் பார்த்தேன். அம்மை யாரையும் பார்க்காமல் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை மட்டும் என் முதுகில் வந்து ஒரு தள்ளு தள்ளியது.

அந்த நடைபாதை எவ்வளவு நீளம் என்று கேட்காதீர்கள். மேடையேறி, மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, பட்டையைச் சுற்றிக் கொக்கியை மாட்டினேன். அதோடு கையை எடுத்திருக்க வேண்டும். என் மூன்று விரலும் தாமாகப் போய் அவர் நாடியில் உட்கார்ந்துவிட்டன. கண் என் வாட்சின் நொடிமுள்ளுக்குப் போய்விட்டது. மண்டபம் முழுக்கக் காத்திருக்கிறது, நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

"அத்தை, என்ன செய்யுதீங்க?" என்றாள் அபி, உதடு அசையாமல்.

மாப்பிள்ளை பயந்துபோய், "நல்லா இருக்கா அத்தை?" என்றார்.

"நல்லா இருக்கு மக்கா. கொஞ்சம் வேகம். கல்யாணம்லா, அப்படித்தான் இருக்கும்."

முன்வரிசை சிரித்தது. மதினியும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அதன் பிறகு தாலி.

பந்தியில் அஞ்சு என் பக்கத்து இலையில் உட்கார்ந்தாள். "நீ பல்ஸ் பாத்தம்மா, ஸ்டேஜ்ல" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள், கண்ணில் நீர் வரும் வரைக்கும். எத்தனையோ நாளுக்குப் பிறகு என் தோளில் சாய்ந்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அம்மா, வாட்ச் ஓடிட்டே இருந்திருந்தா?"

சாம்பார் வந்தது, வாங்கிக்கொண்டேன்.

கிளம்புகிற அன்றைக்கு, ராஜன் எனக்கு முதலில் வாங்கித் தந்த அந்தப் பழுப்புப் பட்டை வாட்சுக்குக் கருங்கல்லில் புது பேட்டரி போட்டு அம்மையிடம் கொடுத்தேன். "எனக்கு எதுக்கட்டி இந்த வயசில? நான் எந்த பஸ்ஸைப் பிடிக்கப் போறேன்?" என்று தள்ளிவிட்டாள். அவள் தலையணைப் பக்கம் வைத்துவிட்டு வந்தேன்.

8

பிரீடாவிடம் மாட்டிக்கொண்ட அதே நாள், மதிய இடைவேளையில் லாக்கர் அறையில் உட்கார்ந்து அம்மையைக் கூப்பிட்டேன். சுவர்க் கடிகாரத்தில் ஒன்றே முக்கால். வழக்கம்போல் போனில் அம்மையின் பாதி நெற்றி தெரிந்தது. சாப்பிட்டியா, அஞ்சு சாப்பிட்டாளா, அங்கே மழையா என்று எல்லாம் விசாரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினாள்.

"கை என்னட்டி வெறுங்கையாக் கெடக்கு?"

ராஜன் போன பிறகு அம்மை இந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. மூன்று வருடமாகப் பேசும்போதெல்லாம் என் முகத்தை மட்டும் பார்ப்பாள், கைப்பக்கம் கண்ணைக் கொண்டுவரவே மாட்டாள்.

"வேலைல இருக்கேன் அம்மை. இங்க சட்டம்லா" என்றேன்.

"என்ன எளவு சட்டம். எடுத்துக் கெட்டு" என்று கையை வீசினாள்.

வீசிய கையில் பழுப்பு நிறத்தில் என்னவோ தெரிந்தது. கையைக் காட்டு என்றேன். காட்ட மாட்டேன் என்றாள். பிறகு காட்டினாள். அப்பா போன நாளிலிருந்து நான் வெறுங்கையாகவே பார்த்த கை. சுருங்கிய மணிக்கட்டில் தோல் பட்டை, டயல் உள்பக்கமாக.

நான் லாக்கரைத் திறந்து ராஜனின் வாட்சை எடுத்து, காலையில் பிரீடா பார்த்த அந்த வெளுத்த பட்டையின் மேலேயே வைத்துக் கட்டிக்கொண்டேன்.

"மணி என்ன அம்மை?"

அம்மை கையைத் திருப்பி, கண்ணைச் சுருக்கி, தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

"ஆறே கால். வெளக்கு வைக்கணும்."

என் கையைத் திருப்பிப் பார்த்தேன். எனக்கும் ஆறே கால்.